கல்யாணமான விக்குன்யாவுக்கு இன்னொரு கல்யாணம்

விக்குன்யா எங்கள் மலைக் காட்டு மிருகம், ஒட்டகச் சாதி, மான் அளவு. அது நினைத்தால் ஒரே தாவலில் கயிற்றைத் தாண்டிவிடும். கயிறு என் இடுப்பு உயரம்தான். அதில் தொங்குவது கிழிந்த பாவாடைத் துணியும் கலர் கலரான பிளாஸ்டிக் பைகளும். அது ஓடுகிற வேகத்துக்கு நாங்கள் முந்நூறு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நடப்பதே வேடிக்கை. ஆனாலும் தாண்டாது. படபடக்கிற துணியைப் பார்த்ததும் உலகம் இதோடு முடிந்தது என்று முடிவுகட்டித் திரும்பிவிடும். தாண்டலாம் என்று இத்தனை தலைமுறையாக யாரும் அதனிடம் சொல்லவில்லை. நாங்களும் வாயைத் திறப்பதில்லை.

நான் மெல்சோரா. உரிபாம்பா ஊர்க்காரி, வயது நாற்பத்தேழு. ஒரு புருஷனைப் புதைத்திருக்கிறேன். அவன் பனியில் லாரி கவிழ்ந்து செத்தான், என் சமையலால் அல்ல. ஊரில் வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள். வருடா வருடம் ஜூன் மாதம் விக்குன்யா வளைப்பு நடக்கும். ஊரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரிய வட்டமாக நடந்து, வட்டத்தைச் சுருக்கி, மந்தையைப் பட்டிக்குள் தள்ளி, ரோமத்தை வெட்டிக்கொண்டு விட்டுவிடுவோம். கயிற்றில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம். கரும்பாறைக்குப் பக்கத்தில் இருப்பது எங்கள் இடம். அப்பா பிடித்தது, அம்மா பிடித்தது, என் புருஷன் பிடித்தது. இப்போது அங்கே மிச்சம் நானும் என் தம்பி தியோதோசியோவும்தான். எனக்கு வீடு இருக்கிறது, ரோமத்துக்காக வளர்க்கிற பதினெட்டு அல்பாக்கா இருக்கிறது, ஒரு தையல் மிஷின் இருக்கிறது. ஆனால் நீ யார் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பத்தடிக் கயிறு.

இந்த வருடம் அந்தக் கயிற்றுக்குத்தான் ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் நிகனோர்.

நிகனோர் மனைவியை இழந்தவன். ஞாயிற்றுச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்பவன். சரங்கோ என்கிற குட்டி கிட்டார் வாசிப்பான், வாசிக்காமல் இருந்தால் இன்னும் நல்லவன். ஒரு வருடமாக எனக்கு மட்டும் எடை கூடப் போட்டுக் கொடுத்துவந்தான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கொஞ்சம் குண்டாகத்தான் ஆனேன். பிறகு ஒரு நாள் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். சரி என்றேன். அவனிடம் ஒரே ஒரு குறை. அவன் கோல்யாமயோக்காரன்.

கோல்யாமயோ மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர். ஒரு சதுப்பு நிலம் யாருடையது என்று நாற்பது வருடமாக எங்களுக்கும் அவர்களுக்கும் வழக்கு. இதற்குள் சதுப்பில் பாதி காய்ந்துவிட்டது, வழக்கு மட்டும் பச்சையாக இருக்கிறது. அந்த ஊர்க்காரனைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று எங்கள் ஊர்ச் சட்டம் சொல்லவில்லை. அதன் பதினோராவது விதி சொல்வது இதுதான்: வெளியூரில் மணம் முடித்த பெண்ணுக்குக் கயிற்றில் இடமில்லை. வெளியூரிலிருந்து பெண் கொண்டுவருகிற ஆணுக்கு இடம் உண்டு, அவன் கொண்டுவந்த பெண்ணுக்கும் உண்டு. இதை எழுதியவர்கள் ஆண்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் என் தம்பி வேறு இந்த வருடம் விக்குன்யா கமிட்டித் தலைவர். அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். முதல் தடவை அவன் குதிரையிலிருந்து விழுந்தபோது தூக்கியவளும் நான், அதை யாரிடமும் சொல்லாதவளும் நான். அவன் ஈஸ்டர் சமயத்தில் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல், விதி என்றால் விதி என்றான். வளைப்பு அன்று ரோமம் வெட்டி முடிந்ததும் மெல்சோரா ஊர் முன்னால் பதில் சொல்ல வேண்டும்: நிகனோரா, கயிறா. அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

இரண்டு பதிலையும் என் அல்பாக்காக்களிடம் சொல்லிப் பார்த்தேன். நிகனோர் என்று சொன்னபோதும் அழுகை வந்தது, கயிறு என்று சொன்னபோதும் அழுகை வந்தது. அல்பாக்காக்கள் இரண்டு தடவையும் மென்றுகொண்டுதான் இருந்தன. எனக்குத் தம்பி மேல் வந்த கோபத்தை அளந்தால் இரண்டு சதுப்பு நிறையும்.

வளைப்பு அன்று காலை உறைபனி விலகியதும் கயிற்றைப் பிடித்தோம். பத்தடி தள்ளித் தியோதோசியோ நின்றான். கழுத்தில் புதிதாக ஓர் ஒலிபெருக்கி தொங்கியது. பத்தடி தூரத்தில் நிற்கிற அக்காவிடம் நேராகப் பேசாமல் அதை வாயில் வைத்துக்கொண்டு ஊருக்கே அறிவித்தான்.

"எல்லாரும் கயித்தை இறுக்கிப் பிடிக்கவும். சில பேரு மேட்டுப் பக்கம் பார்த்துக்கிட்டே நடக்கறாங்க. காலுக்குக் கீழ பார்த்து நடக்கவும்."

மேட்டில் நிகனோர் இருந்தான். மோட்டார் சைக்கிளை ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் சரியாக ஒரு முழம் தள்ளி நிறுத்தி, அதன் மேல் உட்கார்ந்திருந்தான். சட்டத்தை மதிக்கிறவன். நான் அவனைப் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் கழுத்து வலித்தது, அவ்வளவுதான்.

மதியத்துக்குள் நூற்றிருபது விக்குன்யாக்கள் பட்டிக்குள் வந்துவிட்டன. கிட்டத்தில் பார்த்தால் அவற்றின் அழகு எரிச்சல் மூட்டும். இலவங்கப்பட்டை நிறம், மார்பில் வெள்ளைத் தாடி, இமை மயிர் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். எங்களைப் பார்க்கிற பார்வையில், யார் உங்களை உள்ளே விட்டது என்கிற கேள்வி எப்போதும் இருக்கும். நியாயமான கேள்விதான். விக்குன்யாக்கள் எங்களுடையவை அல்ல, மலைச்சாமியின் மந்தை. நரி அவர் வீட்டு நாய், காண்டோர் கழுகு அவர் வீட்டுக் கோழி. அவரைக் கேட்காமல் தொட்டால் கோபிப்பார். கேட்டுத் தொட்டாலும் கோபிப்பார், கொஞ்சம் குறைவாக.

அதனால்தான் ரோமத்தில் கை வைக்கும் முன்னால் அவர் வீட்டுப் பிள்ளைகளில் ஒரு ஜோடிக்கு நாங்கள் கல்யாணம் செய்து வைக்கிறோம். ஆணின் இடது காதிலும் பெண்ணின் வலது காதிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டு, இரண்டு சொட்டு ரத்தத்தைச் சிச்சா என்கிற சோளக் கள்ளில் கலந்து மண்ணுக்கு ஊற்றுவோம். வாயில் கோகா இலை வைப்போம். காதில் பச்சைக் கம்பளிக் குஞ்சம் கட்டுவோம். மந்தை பெருகும். ஒரு வருடம் ஆலங்கட்டி மழைக்குப் பயந்து கல்யாணம் செய்யாமல் விட்டோம். அடுத்த வருடம் பாதி மந்தைக்குச் சொறி. அதன் பிறகு இந்த விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை, குருவானவரைத் தவிர.

குருவானவர் என்றால் நிஜக் குருவானவர் இல்லை. அன்செல்மோ. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். உருளைக்கிழங்குச் சாக்கை அங்கியாகப் போட்டுக்கொண்டு, லாரி என்ஜின் பழுது பார்க்கும் புத்தகத்தை வேதப்புத்தகமாகக் கையில் வைத்துக்கொண்டு வருவார். கல்யாணச் சடங்கின் வார்த்தைகள் முழுசும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். காலையிலேயே தாகம் எடுக்கிற ஆள்.

இந்த வருடம் மணப்பெண்ணுக்கு ஞானத்தாய் நான். முறை வைத்து வருகிற பொறுப்பு, போன வருடமே எழுதி வைத்தது. இல்லாவிட்டால் தம்பி விட்டிருக்க மாட்டான். இரண்டு பேர் மணப்பெண்ணின் கால்களைப் பிடித்துக்கொள்ள, நான் அதன் தலையை என் தொடையில் வைத்துக் கண்ணைப் பாவாடையால் மூடினேன். நல்ல பெண். இரண்டு வருட ரோமம் திரண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள், இந்த வருடத்தில் இதுதான் முதல் தரம் என்றார்கள். கீறல் போடுவதற்காக வலது காதை விரித்தேன்.

உள்பக்கத்தில், காதின் அடியில், ஒரு குஞ்சம் இருந்தது. வெயிலிலும் பனியிலும் வெளுத்துச் சிறுத்துப் போன குஞ்சம். ஆனால் நிறம் தெரிந்தது. இளஞ்சிவப்பு. எங்கள் குஞ்சம் பச்சை. இளஞ்சிவப்பு கட்டுகிறவர்கள் இந்த மலையில் ஒரே ஓர் ஊர்க்காரர்கள்தான்.

நான் காதை மெதுவாக மூடினேன். அன்செல்மோ என்ஜின் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினார்.

"இந்தக் கல்யாணத்துக்கு யாராவது மறுப்புச் சொல்றீங்களா? சொல்றதா இருந்தா சட்டுன்னு சொல்லுங்க, தொண்டை வறண்டு கிடக்கு."

"நான் சொல்றேன். பொண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு."

அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். சடங்கு தப்பாகிவிடுமோ என்கிற பயம் பாதி, தம்பி செய்த கல்யாண ஏற்பாட்டில் மண் விழுகிற சந்தோஷம் பாதி. எல்லோரும் வழக்கமான கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். காதைத் தூக்கிக் காட்டினேன். சிரிப்பு அடங்கியது.

தியோதோசியோ வந்து பார்த்தான். குஞ்சத்தை விரலால் தொட்டுவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

கோல்யாமயோவில் நடப்பதெல்லாம் ஒரு கல்யாணமா என்று ஒலிபெருக்கியில் கேட்டான். எவனோ ஒரு குடிகாரனைக் கூட்டி வந்து நான்கு வார்த்தை உளற வைத்தால் அது மலைச்சாமி காதில் ஏறுமா, அது செல்லாது, குஞ்சத்தை அறுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள் என்றான்.

அன்செல்மோ இருமினார். அவர் இருமினால் சளி இல்லை, செய்தி என்று அர்த்தம்.

"தம்பி, அந்தக் குடிகாரன் நான்தான்."

அவருக்கு மூன்று வருடமாக அங்கிருந்தும் அழைப்பு வருகிறதாம். சடங்கு தெரிந்த ஆள் அவர்களிடமும் இல்லையாம். நம் ஊர்ச் சூப்பில் உருளைக்கிழங்கு மட்டும் மிதக்கிறது, அங்கே கறி கிடக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார். இந்தப் பெண்ணையும் அவருக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கல்யாணத்தில் அவர் முகத்தில் துப்பியவள் இவள்தானாம்.

இப்போது ஊர் மாட்டிக்கொண்டது. அன்செல்மோ அங்கே செய்த கல்யாணம் செல்லாது என்றால், அதே வாய், அதே வார்த்தை, அதே என்ஜின் புத்தகம். இங்கே இருபது வருடமாக அவர் செய்த கல்யாணங்களும் செல்லாது. அப்படியானால் எங்கள் மந்தை முழுவதும் முறை தவறிப் பிறந்தது. மலைச்சாமிக்கு முன்னால் அப்படி ஒரு பேச்சை எடுக்கவே ஆட்கள் பயந்தார்கள். அதனால் கல்யாணம் செல்லும் என்று முடிவாயிற்று. செல்லும் என்றால் இவள் கோல்யாமயோவின் மருமகள்.

கூட்டத்தின் பின்னால் யாரோ விளையாட்டாகக் கத்தினார்கள்.

"அப்போ பதினோராவது விதிப்படி அவ நம்ம கயித்துக்குள்ளயே வரக் கூடாதே. அவிழ்த்து விடுங்க."

அவிழ்த்துவிடுவதா. இந்த வருடத்தின் முதல் தர ரோமம் அப்படியே மேட்டைத் தாண்டிப் போய்க் கோல்யாமயோவின் கத்தரிக்குக் கழுத்தை நீட்டுவதா. முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் முனகினார்கள். கால்களைப் பிடித்திருந்த இரண்டு பேர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். தியோதோசியோவுக்குக் காது சிவந்துவிட்டது. அவனுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும், குழந்தையிலிருந்தே அப்படி. ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனான்.

"யாரும் அவிழ்க்க வேண்டாம். இது இங்க பொறந்தது. நம்ம புல்லைத் தின்னு நம்ம தண்ணியக் குடிச்சு வளர்ந்தது. எந்த ஊர்ல கல்யாணம் ஆனா என்ன? அதுக்காகப் பொறந்த ஊரு இல்லைன்னு ஆயிடுமா? இது நம்ம பொண்ணு."

கூட்டம் கைதட்டியது. கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தை எழுதுகிறவள் என் தம்பி மனைவி தொமிங்கா. நான்கு மலை தள்ளிப் பிறந்தவள், கயிற்றில் இடமுள்ளவள், புத்தகத்தைப் பிடிப்பதால் கயிற்றைப் பிடிக்காதவள். யாராவது தும்மினால்கூட நேரம் போட்டு எழுதுவாள். அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"வேகமா சொல்லிட்டீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதணும்."

என் தம்பியை ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொல்லச் சொன்னால் அலங்காரம் செய்துதான் சொல்வான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மலையைப் பார்த்துக்கொண்டு, தேர்தலில் நிற்கிறவன் குரலில் சொன்னான்: உரிபாம்பாவில் பிறந்த இந்த விக்குன்யா, எந்த ஊரில் மணம் முடித்திருந்தாலும், இந்த ஊரைச் சேர்ந்ததே, கல்யாணம் அதன் பிறந்த ஊரைப் பறிக்காது, எங்கள் கயிற்றுக்குள் அதற்குள்ள இடத்தை எந்த விதியும் பறிக்காது. கை தூக்குங்கள் என்றான். எல்லாக் கையும் உயர்ந்தன. விக்குன்யாவின் தலையைப் பிடித்திருந்த என் கைகளில் ஒன்றும் உயர்ந்தது.

உயர்த்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மடியில் கிடந்த மணப்பெண்ணுக்கும் அப்படித்தான் அடித்தது, யாருடையது எது என்று தெரியவில்லை.

"தொமிங்கா, எழுதினதைக் கொஞ்சம் வாசி" என்றேன்.

தொமிங்கா வாசித்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக வைத்து வாசித்தாள். பாதி வாசிக்கும்போதே சில தலைகள் என் பக்கம் திரும்பின. முடிக்கும்போது எல்லாத் தலைகளும் திரும்பியிருந்தன. தம்பி மட்டும் ஒலிபெருக்கியின் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அது விக்குன்யாவுக்கு." ஈஸ்டருக்குப் பிறகு என்னிடம் அவன் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"தெரியுதுடா. விக்குன்யாவுக்கு உண்டு, எனக்குக் கிடையாது. அது ஒரு நாளாவது கயித்தைப் பிடிச்சிருக்கா? நான் முப்பது வருஷமா பிடிக்கறேன். அதைவிட நான் எந்த விதத்துல கொறைஞ்சு போயிட்டேன், ரோமத்துலயா?"

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. அது அவன் மேல் விழுந்த சிரிப்பு. வேறு நாளாக இருந்தால் எனக்கு இனித்திருக்கும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன், குதிரையிலிருந்து விழுந்த அன்று இருந்த அதே முகம். என் பக்கத்தில் வந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கட்டும் என்று மெதுவாகச் சொன்னான். பொத்தானை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான். அணையவில்லை. பட்டி முழுக்கக் கேட்டது, மேட்டுக்கும் கேட்டிருக்கும்.

"நீ போயிட்டா பாறைகிட்ட நான் ஒத்தையில நிக்கணும், அக்கா. அப்பா இல்ல, அம்மா இல்ல, மச்சானும் இல்ல. அந்தக் கோபம்தான். விதியும் இல்ல, மண்ணும் இல்ல."

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அவனுடைய குரலே அவனுக்கு மலையிலிருந்து திரும்பி வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒலிபெருக்கியைக் கீழே போட்டான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. மடியில் விக்குன்யா இருந்ததால் இரண்டும் முடியவில்லை.

"முட்டாள். போறேன்னு யாருடா சொன்னா? நான் எந்த ஊர்ல குடியிருந்தாலும் வளைப்பு அன்னிக்கு அந்தப் பாறைகிட்ட வந்து நிப்பேன். வராதேன்னது நீதான்."

தொமிங்கா பேசினாள். விக்குன்யாவுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் எழுத முடியாது, கை கூசுகிறது, பதினோராவது விதியை அடிக்கலாமா என்று கேட்டாள். கை உயர்த்தச் சொல்லிக் கேட்டதும் கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது என் தம்பியின் கை. உயராதது ஒரே ஒரு கை. அதற்குரியவர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தொமிங்கா விதியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி அடித்தாள்.

பிறகு கல்யாணத்துக்கு வேறு பெண் பிடித்தார்கள். இரண்டு காதையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தார்கள். என் மடியில் இருந்தவளுக்கு ரோமம் வெட்டினோம். இளஞ்சிவப்புக் குஞ்சத்தைக் கழற்றவில்லை. அவளை விட்டதும் எழுந்து நின்றாள், அன்செல்மோவைத் தேடிப் பிடித்து முகத்தில் துப்பினாள், ஓடினாள். எங்கள் ஊர்ப் பக்கமும் போகவில்லை, கோல்யாமயோ பக்கமும் போகவில்லை, நேராக மலை ஏறினாள்.

சிச்சா சுற்றி வந்தபோது தியோதோசியோ குஞ்சப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். ஒரு பச்சைக் குஞ்சத்தை எடுத்து ஊதித் தூசி தட்டினான். என்னைப் பார்க்காமல் கேட்டான், ஆணுக்கு எந்தக் காது என்று. கமிட்டித் தலைவருக்குத் தெரியாததா. இடது என்றேன். அவன் கீறல் போடுகிற கத்தியைப் போன்சோப் போர்வையில் துடைத்துக்கொண்டே கீழே கிடந்த ஒலிபெருக்கியை எடுத்தான்.

"மேட்டுல மோட்டார் சைக்கிள்ல உக்காந்திருக்கற கோல்யாமயோக்காரர் கீழ இறங்கி வரவும். காதைக் கழுவிட்டு வரவும்."

கொஞ்ச நேரம் மேட்டில் ஒன்றும் அசையவில்லை. நிகனோருக்கு எங்கள் சடங்கு தெரியும், அவன் ஊர்ச் சடங்கும் அதுதான். கத்தி வெயிலில் மின்னியதும் அங்கிருந்து தெரிந்திருக்கும். பிறகு வண்டி உறுமியது. எல்லைக் கல்லைத் தாண்டி, இடது காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு, மேட்டிலிருந்து நேராக இறங்கி வந்தான்.